குடலுக்குத் துணை யாது?

நம் மாணாக்கர் பலர் அறிவுக்கு வேண்டுவதை நூலகத்திலும் வயிற்றுக்கு வேண்டுவதை மருந்துக்கடையிலும் தேடுகின்றனர். விடுதி அறைகளுட் புகுந்து நோக்குவார்க்கு இஃது எளிதிற் புலனாகும். புத்தக அடுக்கின் ஓரத்தே நார்ப்பொடி டப்பா ஒன்று. அதனருகே 'நல்ல பாக்டீரியா' அடங்கியதாகச் சொல்லப்படும் மாத்திரைப் பட்டை ஒன்று. உண்டது செரிக்க வேண்டிப் பருகும் இனிப்பு மருந்துப் புட்டி ஒன்று. சில அறைகளில் உடல் இளைக்கச் செய்வதாகக் கூறும் தேயிலைப் பொட்டலமும் உடனிருக்கும். இவற்றை ஆங்கிலத்தில் சப்ளிமென்ட் என்பர். நாம் துணைப்பொருள் என வழங்குவோம். உண்ணும் உணவுக்குத் துணையாகக் கொள்ளப்படுவது என்பதே அப்பெயரின் பொருள். ஆயின் நம்மிடையே துணை தலைமையேற்றது. தலைமை இருந்த இடம் தெரியாது மறைந்தது. காலையுணவை ஒழித்தவன் இரவில் மாத்திரை விழுங்குகின்றான். கீரையை இலையோரத்தில் ஒதுக்கியவள் நார்ப்பொடியைக் கரைத்துப் பருகுகின்றாள்.

துணைப்பொருள்கள் யாவும் பொய்யென்பது நம் கருத்தன்று. அவற்றுட் சில, உற்ற குறைக்கு உற்ற காலத்து வழங்கப்பெறின், உயிர் காக்கும் ஆற்றலுடையன. அதற்குச் சான்றும் கீழே காட்டுவோம். நாம் வற்புறுத்த விரும்புவது வேறு. இன்ன குறைக்கு இன்ன பொருள் என்று பெயர் சொல்ல இயலாதவிடத்து, அப்பொருளை வாங்குதல் பணத்துக்கும் கேடு, உடலுக்கும் ஐயம். அன்றியும், விடுதி வாழ்வினரின் வயிற்றுத் தொல்லைகளுட் பெரும்பாலன மருந்துக்கடையில் தீரத்தக்கன அல்ல. அவை கல்லூரி மணியோசையிலும் சமையற்கட்டிலும் கழிப்பறையிலும் பிறப்பன என்பது நம் துணிபு.

செரிமானத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இரைப்பை நீரில் ஊன் முதலியவற்றைக் கரைக்கும் பெப்சின் என்னும் பொருளைத் தியோடர் ஷ்வான் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1836-இல் கண்டறிந்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பெப்சின் கடைச்சரக்காயிற்று. ஜோகிச்சி தகாமினே என்னும் ஜப்பானிய வேதிநூல் வல்லார், தம் நாட்டார் அரிசியினின்று மது வடிக்கப் பயன்படுத்தும் கோஜிப் பூஞ்சையிலிருந்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸைப் பிரித்தெடுத்து, 1894-இல் அமெரிக்க நாட்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பார்க் டேவிஸ் என்னும் நிறுவனம் அதனைத் தகா-டயஸ்டேஸ் என்ற பெயரால் விற்றது. இன்று நம் கடைகளில் அசீரணத்துக்கென விற்கும் மருந்துநீர்கள் பலவற்றின் சீட்டை உற்று நோக்கின், இவ்விரண்டுமே, அதாவது பெப்சினும் பூஞ்சை டயஸ்டேஸும், ஒரே புட்டியிற் குடியிருக்கக் காணலாம். நூறாண்டுக்கு மேற்பட்ட சரக்கு புதிய சீட்டோடு விற்பனையாகின்றது.

இவ்விரண்டும் ஒரு வீட்டில் ஒத்து வாழ்வன அல்ல. பெப்சின் கடும் புளிப்பிலன்றித் தொழில் செய்யாது. மாவைச் சிதைக்கும் டயஸ்டேஸோ அத்தகைய கடும் புளிப்பில் வலியிழக்கும். ஆதலின் ஒன்றுக்கு உகந்த இடம் மற்றொன்றுக்கு ஆகாது. அது கிடக்க. நலமுடைய உடலில் உமிழ்நீரும் இரைப்பையும் கணையமும் வேண்டிய அளவுக்கு மேலாகவே இப்பொருள்களைச் சுரக்கின்றன. அவ்வாறு சுரப்பவனுக்கு மேலும் இரண்டு கரண்டி ஊற்றுதல், மழை பெய்து நிறைந்த வயலுக்குக் குடத்தில் நீர் சுமப்பதை ஒக்கும். பருகியபின் வயிறு இலேசாயிற்று என்பாரும் உளர். விருந்துண்ட வயிறு இரண்டு மணி நேரம் கழிந்தால் ஒன்றும் பருகாமலே இலேசாகும் என்பதை அவர் நினைப்பதில்லை.

அற்றேல் இத்தகைய என்சைம்கள் எவர்க்கும் வேண்டாவோ எனின், வேண்டுவார் உளர். கணையத்திற் கற்கள் தோன்றி அவ்வுறுப்பு மெல்ல வற்றிப்போகும் நோயொன்று கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டது; அஃது இளைஞரையும் பற்றுவது. அந்நோயாளர் உண்ட நெய்யும் எண்ணெயும் செரியாமல் மலத்தோடு கழியும், உடல் இளைக்கும். அன்னார்க்குக் கணைய என்சைம் அடங்கிய மாத்திரைகளை ஒவ்வோர் உணவோடும் மருத்துவர் அளந்து கொடுக்கின்றனர். இரைப்பையின் புளிப்பு அழித்துவிடாதபடி அம்மாத்திரைகளின் மேல் உறையிட்டிருப்பர். இஃது உண்மைத் துணை. குறை யாது, எவ்வளவு, எந்த உறுப்பில் என்பதெல்லாம் தெரிந்தபின் கொடுக்கப்படுவது. இதன் பெயரைக் கேட்டுத் தெருக்கடைப் புட்டியைப் பருகுவோர் இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைப் பருவங் கடந்த தென்னாட்டாருட் பலர்க்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிதைக்கும் லாக்டேஸ் குறைந்துவிடுகின்றது. இரவில் ஒரு குவளைப் பால் பருகி, விடியுமுன் வயிறு பொருமி அவதியுறும் மாணவன், தனக்கு ஏதோ பெருநோய் வந்ததென அஞ்சுகின்றான். லாக்டேஸ் மாத்திரை கடைகளில் உண்டு, பயனும் தரும். ஆனால் தயிருண்டாலே பெரும்பாலார்க்கு அத்தொல்லை குறைகின்றது. தயிரிலுள்ள நுண்ணுயிர்களே அச்சர்க்கரையிற் சிறிது தின்று, எஞ்சியதைச் செரிக்கவும் உதவுகின்றன. உயிருள்ள நுண்ணுயிர்களோடு கூடிய தயிர்வகைகள் லாக்டோஸ் செரிமானத்துக்கு உதவும் என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஆராய்ந்து ஏற்றது. நுண்ணுயிர்களின் பேரால் அதன்முன் வந்த பிற கூற்றுக்களுள் மிகப் பெரும்பாலனவற்றை அவ்வாணையம் தள்ளிவிட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, அந்நுண்ணுயிர் மாத்திரைகளையே சிறிது விரித்து நோக்குவோம். புரோபயாட்டிக் என இன்று வழங்கும் இக்கொள்கைக்கு மூலவர் எலி மெச்னிகாஃப். ருஷ்யப் பேரரசிற் பிறந்து, பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வு செய்தவர். 1908-இல் அவர் நோபல் பரிசு பெற்றது உடலின் எதிர்ப்பாற்றலை விளக்கியமைக்காக. புளித்த பாலுக்காக அன்று. ஆயினும் பரிசு பெற்ற பெருமகன் வாய்ச்சொல் எல்லாவற்றுக்கும் பரிசின் ஒளி படிதல் உலகியல்பு. பெருங்குடலில் நடக்கும் அழுகலே முதுமைக்குக் காரணம் எனவும், பல்கேரிய உழவர் நீண்டநாள் வாழ்தற்கு அவருண்ணும் புளித்த பாலே ஏது எனவும் அவர் கருதினார். தாமும் புளித்த பாலை விடாது பருகினார். 1916-இல், தம் 71-ஆம் வயதில் இறந்தார். பின்னர் ஜப்பான் நாட்டு மினோரு ஷிரோட்டா 1930-இல் ஒரு நுண்ணுயிர்க் கிளையைத் தேர்ந்து வளர்த்தார். 1935 முதல் அது சிறு புட்டிகளில் யாகுல்ட் என விற்பனைக்கு வந்தது. அச்சிறு புட்டி இன்று நம் ஊர்க் கடைகளின் குளிர்ப்பெட்டியிலும் இருக்கின்றது.

போதிய அளவில் உட்கொண்டால் உண்பவனுக்கு நலந்தரும் உயிருள்ள நுண்ணுயிர் என்பதே புரோபயாட்டிக் என்பதன் இலக்கணமென 2001-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டிய அறிஞர் குழு வகுத்தது. இவ்விலக்கணத்தில் மறைந்து கிடப்பது 'எந்த நுண்ணுயிர்?' என்னும் வினா. நெல் என்ற ஒரே பெயரால் சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் ஒன்றாகிவிடுமோ? பிரியாணிக்கு ஒன்று, கஞ்சிக்கு மற்றொன்று. லாக்டோபாசில்லஸ் என்ற குடும்பப் பெயரும் அத்தகையதே. அதன் ஒரு கிளையை ஆய்ந்து பெற்ற பயனை மற்றொரு கிளையின் டப்பா மேல் எழுதி விற்றல் அறமன்று. ஆனால் அதுவே அன்றாடம் நிகழ்கின்றது.

உரிய கிளை உரிய இடத்தில் யாது செய்யுமென்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. ஒடிசா மாநிலத்துச் சிற்றூர்களில் பிறந்த 4,556 குழந்தைகளுக்கு, பிறந்த சில நாட்களுக்குள்ளாக, லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்னும் நுண்ணுயிரின் குறிப்பிட்ட கிளையொன்றை அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து ஒரு பாதியினர்க்கும், வெறும் பொடியை மறு பாதியினர்க்கும் ஏழு நாட்கள் கொடுத்தனர். வெறும் பொடி உண்டவருள் நூற்றுக்கு 9 பேர் இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவும் நோயால் தாக்குண்டனர் அல்லது இறந்தனர்; நுண்ணுயிர் உண்டவருள் அத்தொகை 5.4 ஆகக் குறைந்தது. 2017-இல் நேச்சர் இதழில் வெளிவந்த இவ்வாய்வைப் படிப்போர் எவரும் துணைப்பொருள் என்றாலே நகைத்தல் இயலாது. நாமும் நகைக்கவில்லை.

ஆனால் அக்குழந்தைகளுக்குக் கொடுத்தது விளம்பரம் பார்த்து வாங்கிய டப்பாவன்று. பல கிளைகளை முன்னரே ஆராய்ந்து, அவற்றுள் குடலிற் குடியேற வல்லதொன்றைத் தேர்ந்து கொடுத்தனர். அடுத்த ஆண்டே, 2018-இல், கானடாவிலும் அமெரிக்காவிலும் வயிற்றுப்போக்கால் வந்த குழந்தைகளுக்கு, பெயர்பெற்ற வேறு நுண்ணுயிர்களைக் கொடுத்து நடத்திய இரண்டு பேராய்வுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் 850-க்கு மேற்பட்ட குழந்தைகள். நுண்ணுயிர் உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிலையத்தார் மற்றொன்று கண்டனர். கிருமிக்கொல்லி மருந்து உண்டபின் பல கிளைகள் கலந்த புரோபயாட்டிக் உண்டவரின் குடலில், அவர்க்கு இயல்பாக உரிய நுண்ணுயிர்கள் மீண்டு குடியேறுவதற்கு, ஒன்றும் உண்ணாதவரினும் நீண்ட காலமாயிற்றாம். வீட்டார் வெளியூர் சென்ற வேளை விருந்தினர் வந்து அறைகளைப் பிடித்துக்கொண்டது போலும். 2020-இல் அமெரிக்க இரைப்பை குடலியற் சங்கம் சான்றுகளையெல்லாம் தொகுத்து, செரிமான நோய்களுட் பெரும்பாலனவற்றுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்றும், சில தனி நிலைகளில் மட்டும் குறிப்பிட்ட கிளைகளை வழங்கலாம் என்றும் முடிவு கூறிற்று. 'சற்றே வயிறு சரியில்லை' என்பது அத்தனி நிலைகளுள் ஒன்றன்று.

அயலூர் நுண்ணுயிரை வரவழைப்பதினும், நம் குடலில் ஏற்கெனவே வாழ்வனவற்றுக்கு வயிறார உணவிடுதல் மேலன்றோ? இவ்வினாவுக்கு அழகிய விடையொன்று நம் தமிழ்நாட்டு வேலூரிலிருந்து வந்தது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், காலரா நோயுற்ற 48 பேரை மூன்று பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியினர்க்கு வழக்கமான உப்புச்சர்க்கரை நீர். மற்றொரு பகுதியினர்க்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு. மூன்றாம் பகுதியினர்க்கு 50 கிராம் ஒருவகைச் சோளமாவு. அச்சோளமாவின் தன்மை யாதெனின், சிறுகுடலிற் செரியாது பெருங்குடல் வரை செல்வதே. செரியாத மாவைச் செரிமான நோயாளிக்குக் கொடுப்பது முதலில் விந்தையாகத் தோன்றும். ஆனால் பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதனைத் தின்று சிறு கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. அவ்வமிலங்களின் தூண்டலால் பெருங்குடலின் சுவர் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்கின்றது. வழக்கமான நீர் பருகியவர்க்கு ஏறத்தாழ 91 மணி நேரம் நீடித்த போக்கு, சோளமாவு பருகியவர்க்கு ஏறத்தாழ 57 மணியில் நின்றது. மிகையான விலையில்லை, மினுமினுக்கும் டப்பாவில்லை. இத்தகைய ஆய்வுக்குக் கிடைத்த புகழில் நூற்றிலொரு பங்குதான் ஒரு மாத்திரை விளம்பரத்துக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டா, நிலைமை தலைகீழ்.

சமைத்து ஆறவைத்த சோற்றிலும் இத்தகைய செரியாமாவு சிறிதளவு உண்டாகின்றது. பழைய சோற்றில் அதனோடு இரவெல்லாம் வளர்ந்த புளிப்பு நுண்ணுயிர்களும் சேர்கின்றன. இதனைக் கேட்டவுடன் பழைய சோற்றையே அமுதமெனப் பாடத் தொடங்குவாரும் நம்மிடையே உளர்; அதனைப் பொடியாக்கி டப்பாவில் அடைப்பாரும் விரைவில் தோன்றக்கூடும். அவ்வளவு வேண்டா. தூய நீரில் ஊறிய பழைய சோறு நல்ல காலையுணவு என்ற அளவில் நிற்போம்.

உப்புச்சர்க்கரை நீரைக் கூறினோமாதலின் அதுபற்றிய எச்சரிக்கையையும் ஈண்டே கூறிவிடுவோம். வயிற்றுப்போக்குக்கு இதனினும் சிறந்த துணைப்பொருள் இதுகாறும் தோன்றியதில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் அளவுப்படி ஒரு லிட்டர் நீரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையலுப்பு 2.6 கிராம், வேறு இரண்டு உப்புக்கள் அளவோடு சேரும். குழந்தைகளாயின் 10 முதல் 14 நாட்கள் துத்தநாக மாத்திரையும் உடன் கொடுக்க வேண்டுமென 2004-இல் அவ்வமைப்பும் யூனிசெப்பும் கூறின. இப்பெரும் பொருளின் பெயரைக்கூட வாணிகம் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை மிகுந்த பழச்சாற்றுப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைத் தம் பெயரோடு ஒட்டவைத்து மருந்துக்கடைகளிலேயே விற்பனையாயின. சர்க்கரை மிகின் போக்கு மிகும் என்பதறியாத பெற்றோர் அவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்தனர். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம், உரிய அளவுக்கு ஒவ்வாத பானங்கள் அப்பெயரைத் தாங்குதல் கூடாதென ஆணையிட்டது. ஆணை வந்தது நன்று. எனினும் கையில் எடுக்கும் பொட்டலத்தின் பின்புறத்து எழுத்தைப் படிக்கும் கடமை நம்மை விட்டு நீங்கவில்லை.

நாருக்கு வருவோம். இக்காலத்தில் நாருணவின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் தலையாயவர் டெனிஸ் பர்கிட் என்னும் ஐரிஷ் அறுவை மருத்துவர். உகாண்டா நாட்டில் நெடுநாள் பணியாற்றிய அவர், தம் தோழருடன் 1972-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில், நார் மிகுதியாக உண்ணும் ஆப்பிரிக்கச் சிற்றூரார்க்கு மலம் மிகுதியாகவும் விரைவாகவும் கழிவதையும், ஆங்கிலேயர்க்கு நாட்கணக்கில் தங்குவதையும் எடுத்துக்காட்டினார். மலத்தை நிறுத்து எழுதிய கட்டுரையைக் கண்டு முகஞ்சுளித்தோர் இருந்திருக்கலாம். முகஞ்சுளிப்பே இத்துறையின் முதற் பகை. மாணாக்கர் தம் குறையை மருத்துவரிடம் சொல்லாது கடைக்காரரிடம் முணுமுணுப்பதும் அதனாலேயே.

மருந்துக்கடை நார்களுள் இசப்கோல் என்பதற்கே நாம் முதலிடம் தருவோம். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு சிறு செடியின் விதை உமி அது. உலகுக்கு அதனை மிகுதியாக அனுப்புவது நம் நாடே. நீரை உறிஞ்சிக் கூழாகும் அவ்வுமி, மலச்சிக்கலுக்கு நன்று. குடல் காரணமின்றிக் கலங்கும் நோயாளர் சிலர்க்கும் நன்று. ஆயின் அதற்குரிய முறையை எவரும் சொல்வதில்லை. நிறைந்த குவளை நீருடன் பருக வேண்டும். நீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அதுவே அடைப்பாகும். பிற மருந்துகளோடு ஒருங்கே உண்ணலாகாது; அவற்றைச் சேரவிடாது தடுக்கும். சிறிதளவில் தொடங்க வேண்டும். முதல் நாளே மூன்று கரண்டி கரைத்தவன் அன்றிரவு உறங்கான்.

முறையோடு உண்டாலும் அதன் அளவு எவ்வளவு? 5 கிராம் உமியில் ஏறத்தாழ 4 கிராம் நார். உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் கூறியபடி வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையாது நார் வேண்டும். அதுவும் உணவில் இயல்பாக அமைந்த நாராக இருத்தல் வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட அட்டவணையைப் புரட்டுவோம். நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகில் 11, கொய்யாப்பழத்தில் 8-க்கு மேல், கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 25. எனவே தெருமுனையில் கூடையில் வைத்து விற்கும் கொய்யா ஒன்று, டப்பாவின் இரண்டு வேளைப் பங்கைத் தந்துவிடுகின்றது. சுவையும் உண்டு, மெல்லும் வேலையும் உண்டு.

அந்நிறுவனம் பிறந்தது நம் நீலகிரிக் குன்னூரிலே என்பதைப் பலர் அறியார். 1918-இல் ராபர்ட் மக்கரிசன் அங்குத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. ஊட்டங் குறைந்த உணவையே தின்ற குரங்குகளுக்குக் குடல் அழன்று போக்கு உண்டாதலை மக்கரிசன் கண்டார். பின்னர் இந்நாட்டுப் பல பகுதியாரின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்னும் சீக்கியர் உணவுண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை உணவுண்டவை கடைசியில் நின்றன. எலிக்கும் மனிதர்க்கும் வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். விடுதித் தட்டில் இன்று குவியும் வெள்ளைச் சோற்று மலையையும் அதன் அடிவாரத்துப் பொரியல் துணுக்கையும் காணுந்தொறும் அவ்வெலிகளின் நினைவு வருதலைத் தடுக்க இயலவில்லை.

உடல் இளைக்கும் தேயிலை என்றோமே, அவற்றுட் பலவற்றில் அடங்கியிருப்பது நிலவாகை என்னும் பேதி இலை. இது 'டின்னவேலி சென்னா' என்ற பெயரால் கடல் கடந்த நாடுகளிலும் மதிக்கப்படுவது. நம் திருநெல்வேலிச் சீமையின் கரிசலில் விளைவது. சிக்கலுக்குச் சில நாள் உண்பதில் தவறில்லை. மருத்துவ நூலார் ஏற்ற மருந்தே. ஆனால் இளைப்பதற்காக அதனை நாள்தோறும் பருகுவது வேறு. அதனாற் குறைவது கொழுப்பன்று, நீரும் உப்புக்களும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும். இதயத்தின் நடையும் தடுமாறும். ஊர்ப்பெருமைக்காக இதனைச் சொல்லாது விடுதல் தகாது.

இவற்றையெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளாதோ எனின், பார்க்கின்றது; ஓரளவே. 2016-இல் வகுத்த நம் நாட்டு விதிகளின்படி துணைப்பொருள் டப்பாவின் மேல் 'மருத்துவப் பயனுக்கு அன்று' என்று பொறிக்க வேண்டும். வாங்குவோரோ அதனை மருத்துவத்துக்காகவே வாங்குகின்றனர். அமெரிக்க நாட்டில் 1994 முதல் உள்ள சட்டப்படி துணைப்பொருள் விற்பனைக்கு முன் அதன் பயனை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. 'அமெரிக்காவில் செய்தது' என்று பெருமையோடு காட்டும் நண்பர் இதனையும் அறிதல் நலம்.

பணம் வீணாதல் சிறு தீங்கு. பெருந்தீங்கு காலம் வீணாதல். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், நள்ளிரவில் எழுப்பும் வயிற்றுவலி, விடாத காய்ச்சல், விழுங்குவதில் தடை, முகம் வெளுத்தல் இவற்றுள் ஒன்று தோன்றினும், கடைக்காரர் முன் நிற்கலாகாது. மருத்துவர் முன் நிற்க வேண்டும். நம் நாட்டிற் குடலைப் பற்றும் காசநோய் இன்றும் உண்டு. இளம் வயதிற் குடற்புண் நோய்களும் தோன்றுகின்றன. இவை தொடக்கத்தில் வெறும் அசீரணம் போலவே நடிக்கும். மாதக்கணக்கில் மாத்திரையும் பொடியும் மாற்றி மாற்றி உண்டு, உடல் பாதியானபின் மருத்துவமனை சேரும் இளைஞர் உளர். அவர்க்கு டப்பாக்கள் செய்த தீமை, அவற்றுள் இருந்த பொருளாலன்று. அவை தந்த பொய்யமைதியால்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கும் காலத்துக்குமே ஒதுக்கினார். காலம் என்பதையே எடுத்துக்கொள்வோம். காலையுணவுக்கு அரைமணி நேரமே கொடுத்து, அதற்குள் நூற்றுக்கணக்கானோரை வரிசையில் நிறுத்தி, உடனே வகுப்பு மணியடிக்கும் விடுதியில், மாணவன் உணவை ஒழிப்பான் அல்லது மெல்லாது விழுங்குவான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, அரைமணியை ஒரு மணியாக்குதல். இதற்கு எந்த நிறுவனத்தின் மாத்திரையும் மாற்றாகாது. அடுத்தது கழிப்பறை. தாழ்ப்பாளில்லாத கதவும், வராத நீரும், காலை ஏழு மணிக்கு நீளும் வரிசையும் கண்டு, 'பின்னர்ப் போகலாம்' என்று இயற்கையின் அழைப்பை அடக்கி அடக்கியே சிக்கலை வருவித்துக்கொள்வோர், மாணவியருள் சிறப்பாக, எத்தனை பேர்! அவர்க்கு நார்ப்பொடியை எழுதிக் கொடுப்பது, பூட்டிய வாயிலின் முன் வண்டியை விரைந்து ஓட்டச் சொல்வதாகும்.

மாணாக்கர் மீதும் குறையுண்டு. மெஸ் குழுவிற்கு வாக்களித்துத் தேர்ந்தவர் தாமே. அக்குழுவிடம் வாரம் மூன்று நாள் பரோட்டா கேட்பவரும் தாமே. கேழ்வரகுக் கூழையும் சுண்டலையும் கீரைக் கடைசலையும் சமையற்காரர் ஆக்கமாட்டேன் என்று சொன்னதில்லை. வாரத்தில் மூன்று மாலை வேளைகளில் வறுத்த தின்பண்டத்துக்கு மாற்றாகச் சுண்டல். நாள்தோறும் நண்பகலில் ஒரு கரண்டி கீரை அல்லது அவரைவகை. வேண்டுவோர்க்குப் பாலுக்கு மாறாகத் தயிர். கொய்யா வரும் பருவத்திற் கொய்யா. இவற்றை ஓராண்டு நடத்திப் பார்க்க மெஸ் குழுவாரை வேண்டுகின்றோம். ஆசிரியர் சிலர் வாரம் ஒருமுறை மாணாக்கரோடு அமர்ந்துண்டால் கீரையின் சுவையும் தானே உயரும். விடுதிக்கு வரும் மருத்துவர் தேர்வுக் காலத்திலேனும் மாலையில் ஒரு மணி நேரம், கதவடைத்துத் தனித்துப் பேசும் அறையில் இருத்தல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். நன்றியறிதலால் அவர்கள் கட்டித் தரும் வளைவுகளும் மேடைகளும் கண்ணுக்கு இனியன. இவ்வாண்டு அப்பொருளைக் கொண்டு விடுதிக்குப் பத்துக் கழிப்பறைகள், நீர் வசதியோடும் உட்தாழ்ப்பாளோடும், கட்டித் தருவாராக. கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறிக்க அவ்விடம் ஏற்றதன்று என்று சிலர் தயங்கக்கூடும். பெயரை வெளிச்சுவரில் பொறித்துக்கொள்ளலாம்.